அக்கா வாங்கிய சின்ன ஜெனரேட்டர்

என் அக்கா ஜெயலட்சுமி தன் கல்யாணத்தன்றுகூட இப்படிப் பரபரத்து நான் பார்த்ததில்லை. சந்தாபுராவைத் தாண்டி இருக்கும் அவளுடைய மாட்டுப் பண்ணை வாசலில் கிரேன் ஒரு ஜெனரேட்டரை இறக்கிக்கொண்டிருந்தது. பச்சை நிறப் பெட்டிக்குள் ஒரு எஞ்சின், அவ்வளவுதான். அக்கா அதைப் புது மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஏற இறங்கப் பார்த்தாள், சுற்றி வந்தாள், தட்டிப் பார்த்தாள். கிரேன்காரர் சிரித்துவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். போன கோடையில் டிரான்ஸ்பார்மர் வெடித்து இரண்டு நாள் கரெண்ட் இல்லை. கறவை மிஷின் நின்றுபோனது. வேலையாட்கள் ஊருக்குப் போயிருந்த நேரம். இருபத்துநாலு மாடுகளும் மடி கட்டிக்கொண்டு கதற, அக்காவும் அவள் கணவர் கிஷோரும் நானும் கையாலேயே கறந்தோம். நான் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை பார்ப்பவள், என் கறவை எப்படி இருந்திருக்கும்! எல்லாச் சுமையும் அக்கா தலையில்தான். அப்படியும் பவானி என்ற மாட்டுக்கு மடிநோய் கண்டு, காப்பாற்ற முடியாமல் போனது. மறுநாள் காலை அக்காவுக்குக் காபி கொண்டுபோனேன். விரல்கள் வீங்கி மடங்கவே இல்லை. டம்ளரை நான் பிடித்துக்கொள்ள, குழந்தைபோல் குடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி கரெண்டை நம்பி மாடுகளை விடமாட்டேன் என்றாள்.

ஜெனரேட்டர் வாங்கப்போகிறாள் என்றதும் ஊரே ஆலோசனை சொல்ல வந்துவிட்டது. முதல் ஆள் எங்கள் தாய்மாமா. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். எதுவும் பெரிதாக இருந்தால்தான் அவருக்கு மனசு ஆறும். அறுபத்திரண்டு கே.வி.ஏ. சக்திக்குக் குறைந்து பேசவே மாட்டார். இருபத்தைந்து என்று அக்கா வாயைத் திறந்தால், யானைப் பசிக்குச் சோளப்பொரியா என்பார். ஓசூர் ரோடு ஜெனரேட்டர் கடையில் இருந்த உத்தமன் என்ற தர்மபுரிக்காரரும் பண்ணையின் எல்லா மோட்டாரையும் கூட்டிப் போட்டு, பெரியதையே காட்டினார்.

அக்கா மசியவில்லை. சாயங்காலம் பண்ணையில் எது எது சேர்ந்து ஓடுகிறது என்று கூடவே நின்று பார்த்தாள். தீவனம் வெட்டும் மிஷினைக் கரெண்ட் வந்த பிறகு ஓட்டினால் போதும். மேல்தொட்டி நிறைந்திருந்தால் போர்வெல் மோட்டாரும் சும்மா கிடக்கலாம். கரெண்ட் போனாலும் ஓடியே தீரவேண்டியவை கறவை மிஷின், பாலைக் குளிரவைக்கும் தொட்டி, மின்விசிறிகள், விளக்குகள். இதைப் போய்ச் சொன்னதும் உத்தமன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்.

"ஓடறப்ப கம்மியாத்தான் இழுக்கும் மேடம். ஸ்டார்ட் ஆவறப்பதான் ஒவ்வொரு மோட்டாரும் அஞ்சாறு மடங்கு இழுக்கும். ஒண்ணு ஸ்டார்ட் ஆயி நிதானத்துக்கு வந்தப்புறம் அடுத்ததைப் போடுவீங்கன்னா இருபத்தஞ்சே தாராளம். பெருசை வாங்கிக் கொஞ்சூண்டு லோடுல ஓட்டினாலும் தப்புதான், உள்ள கரி புடிச்சுக்கும்."

"ஒண்ணொண்ணாத்தான் போடுவேன்" என்றாள் அக்கா.

ஜெனரேட்டர் வந்த இரண்டாம் நாள் ஆயுத பூஜை. மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஜெனரேட்டருக்கு மட்டும் ஆளுயர மாலை. மாமாவின் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. பூசணிக்காய் உடைபட்டதும் எல்லா மிஷினும் ஒரே நொடியில் கிளம்பவேண்டும், ஒன்று பிந்தினாலும் அபசகுனம். அதை அப்படியே பண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார். மெயினை அணைத்து, புது ஜெனரேட்டரை ஓடவிட்டு, பூஜைக்கு வந்தவர்களை ஆளுக்கொரு சுவிட்சில் நிறுத்தினார். போர்வெல்லையும் விடவில்லை. நான் குளிர்தொட்டி சுவிட்சில். அக்கா உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள்.

பூசணிக்காய் உடைந்தது. எல்லோரும் தட்டினோம். ஜெனரேட்டர் ஒரு முக்கு முக்கியது, விளக்குகள் மங்கின, அப்படியே நின்றுபோனது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் கன்னடத்தில், இது ஆகாது, பெரியதாக வாங்கியிருக்கவேண்டும் என்றார். மாமாவுக்கு வேறென்ன வேண்டும்? அக்கா கரண்டியோடு ஓடிவருவதற்குள் உத்தமனுக்குப் போன் போட்டுவிட்டார். நாளைக்கே இதை எடுத்துக்கொண்டு பெரியதை இறக்கச் சொல்லிவிட்டார்.

"நான் சொன்னேன்ல ஜெயா?"

ஒன்றாகத் தட்டியதுதான் தப்பு என்று அக்கா சொல்லச் சொல்ல, யாரும் காதில் வாங்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக மிஷின் நின்றதே என்றுதான் பேச்சு. பூஜை நாளில் மறுபடி சோதனை செய்யக்கூடாது என்றும் தடுத்துவிட்டார்கள். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு மாமாவின் மேல் வந்த கோபத்தில் அந்தச் சுண்டலைத் தொடவே தோன்றவில்லை.

வானத்துக்கும் கோபம் போலிருக்கிறது. அன்று சாயங்காலம் கறவை நேரத்துக்குச் சரியாகக் காற்றும் மழையும் பிய்த்துக்கொண்டு வந்தன. எங்கோ கம்பி அறுந்து, ஏரியா முழுக்க இருட்டு. மடி கனத்த மாடுகள் ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. மாமா கையாலேயே கறக்கலாம் என்று வாளியை எடுத்தார். அக்கா அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

"சுவிட்சு பக்கம் யாரும் வராதீங்க. நான் பாத்துக்கறேன்."

எல்லா சுவிட்சும் அணைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு ஜெனரேட்டரைக் கிளப்பினாள். விளக்கு வந்தது. குளிர்தொட்டியைப் போட்டாள். எஞ்சின் குரல் தாழ்ந்தது, பிறகு குரல் ஏறி நிதானமானது. மின்விசிறிகளை வரிசை வரிசையாகச் சுற்றவிட்டாள். கடைசியில் கறவை மிஷின். விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது. மிஷின் டக் டக்கென்று தாளம் போட ஆரம்பித்ததும் நான் மாமாவின் தோளிலேயே ஓங்கித் தட்டிவிட்டேன். அவரும் வாயெல்லாம் பல்லாக நின்றார். கண்ணாடிக் குழாயில் பால் பாய்ந்தது. கத்தல் அடங்கி, மாடுகள் அசைபோட ஆரம்பித்தன.

மாமா ஓரமாகப் போய் மறுபடி உத்தமனுக்குப் போன் போட்டார். வரவேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று அவர் மெல்லத்தான் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் உத்தமனுக்குக் கேட்கவில்லை, அதனால் உரக்க இன்னொரு தடவை சொல்லவேண்டி வந்தது.

கடைசி மாடும் கறந்து முடிந்ததும் நான் காபி போட்டுக்கொண்டு போனேன். போன கோடையின் நினைப்பில் டம்ளரை அவள் வாயருகே நீட்டிவிட்டேன்.

"குடுடி சிந்து, நானே புடிச்சுக்கறேன்" என்றாள் அக்கா.