வீட்டுக்கு எடுக்கிறன்

லண்டன் மனோர் பார்க்கில் இருக்கும் என் அக்காவின் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவளுடைய வீட்டைப் பார்த்து அல்ல, அவளுடைய பிள்ளைகளின் படிப்பைப் பார்த்தும் அல்ல. வெறும் பதினொரு இலக்கங்களைப் பார்த்து. சொன்னால் சிரிப்பார்கள் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் அப்பாவுக்குப் பாடமாகத் தெரிந்த ஒரே லண்டன் எண் அதுதான். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்ணைக் கைபேசியில் சேமித்து வைப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வாய்க்குள் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக அழுத்துவார். கிழமையில் மூன்று நாளாவது, எங்கள் நேரம் காலை பதினொரு மணிபோல, அக்கா வீட்டில் மணி அடிக்கும். வெஸ்ட் ஈலிங்கில் என் வீட்டில் அடிக்காது.

பேசி முடித்ததும் அக்கா எனக்குப் போன் எடுத்துச் செய்தி வாசிப்பாள். "அப்பா புதுக் கண்ணாடி போட்டிட்டாராம். முழங்கால் நோ கொஞ்சம் குறைவாம். பக்கத்து வீட்டுக்காரர் மதிலை உயர்த்தினமாம்." அந்த 'ஆம்' ஒவ்வொன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் தகப்பனுக்குக் கண்ணாடி மாறியதை நான் அடுத்தவர் வாயால் அறிய வேண்டும். அக்காவின் குரலில் ஒரு மிதப்பு இருப்பதாக எனக்குத் தோன்றும். இருந்ததோ இல்லையோ, எனக்குக் கேட்டது.

நான் அப்பாவுக்கு எடுக்காமல் இல்லை. முன்பெல்லாம் கவுன்சில் அலுவலக வேலையின் மதிய இடைவேளையில் எடுப்பேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது. "வேலைக்குள்ள ஏன் பிள்ளை மினக்கெடுறாய்? நான் வீட்டுக்கு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவார். முதல்தடவை அப்படிச் சொன்ன நாளில் கைபேசியைக் குளியலறைக்குள்ளும் கொண்டு போனேன். அவர் எடுக்கவில்லை. என் எண்ணை இரண்டு முறை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கொடுத்தேன், "ஓம், ஓம்" என்றார். அப்போதும் எடுக்கவில்லை. அடுத்தநாள் அக்கா மட்டும் "அப்பா நேற்று எடுத்தவர்" என்பாள். பிறகு எனக்கு ரோசம் வந்துவிட்டது. வேண்டுமென்றால் அவர் எடுக்கட்டும் என்று இருந்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் எடுத்தேன்.

இந்த நிலையில்தான் அக்கா வீட்டுக்குத் தொலைபேசிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பழைய கம்பி லைன்களை நிறுத்தப்போகிறார்கள், இனி எல்லாம் இன்டர்நெட் வழியாகத்தான். குடும்பத்தில் எந்தப் படிவம் வந்தாலும் என் தலையில்தான் விழும்.

"எடி, நம்பர் போயிடுமோ? இந்த வயசில அவருக்கு வேற நம்பர் பாடமாக்க ஏலாது" என்றாள்.

"போகாது. புதுக் கம்பெனிக்கு மாத்தலாம்."

"அப்ப பழைய லைனை இப்பவே வெட்டச் சொல்லட்டோ?"

வெட்டவே கூடாது. அது எனக்குத் தெரியும். லைன் உயிரோடு இருக்கும்போதுதான் புதுக் கம்பெனி எண்ணை இழுத்து எடுக்கும். முந்திக்கொண்டு வெட்டினால் எண்ணும் சேர்ந்து செத்துவிடும். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். நான் சொன்னது, "பொறுங்கோ, பாத்திட்டுச் சொல்றன்."

ஒன்றரை நாள் சொல்லவில்லை. அந்த எண் போய்விட்டால் அப்பா புதிதாக ஒன்றைப் பாடமாக்கத்தானே வேண்டும், அது ஏன் என்னுடையதாக இருக்கக்கூடாது என்று யோசித்தேன். இவ்வளவு கேவலமான யோசனையைப் பஸ்ஸில் மேல்தட்டில் உட்கார்ந்து, ஜன்னலால் வேடிக்கை பார்த்தபடி, மிக நிம்மதியாக யோசித்தேன். பிறகு அப்பா இலக்கங்களைச் சொல்லிச் சொல்லி அழுத்துவதும், அந்தப் பக்கத்தில் யாரும் இல்லாமல் ஒரு ஓசை மட்டும் வருவதும் நினைவில் வந்தது. இறங்கின கையோடு அக்காவுக்கு எடுத்து, "வெட்டிப் போடாதேங்கோ" என்றேன்.

அக்காவின் பெயரையும் விலாசத்தையும் போட்டு இன்டர்நெட் போன் கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். ஒரு கிழமையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லைன் அந்தப் பெயரில் இல்லையாம்.

"என்னக்கா, அத்தான்ர பேரிலயோ இருக்கு?"

"உன்ர பேரில" என்றாள்.

பில்லைப் படம் எடுத்து அனுப்பினாள். என் பெயர், அதன் பின்னால் அப்பாவின் பெயர். கலியாணம் கட்டியபின் நான் கைவிட்ட அந்தப் பழைய பெயரை அச்சில் பார்த்து எத்தனையோ காலம். நாங்கள் இருவரும் வந்த புதிதில் ஒன்றாக இருந்தது அந்த வீட்டில்தான். எனக்கு விசா கிடைத்துவிட்டது, அக்காவின் விசா கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதனால் லைனுக்கு நான்தான் கையெழுத்து வைத்தேன். சுத்தமாக மறந்துபோனேன்.

"ஏன் மாத்தேல்லை?"

"மாத்தப்போய் நம்பர் போயிட்டா எண்டு பயம்" என்றாள்.

ஆக, இவ்வளவு வருடமும் என் சொந்த எண்ணைப் பார்த்தே வயிறு எரிந்திருக்கிறேன். அதை அறிந்தபின் எரிச்சல் குறைந்திருக்க வேண்டும். கூடியது. என் பெயரில் இருக்கும் எண்ணில் அல்லவா இவள் என் அப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பழைய பெயரைப் போட்டு மறுபடி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எண் மாறும் என்றார்கள். அக்காவின் ரவுட்டரில் செருகுவதற்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. அன்று அவளுக்குக் காலை ஷிப்ட், பின்னேரம் வந்துதான் அதைச் செருகுவாள். எண் சரியாக மாறியதா என்று பார்க்க, கம்பெனியின் ஆப்பை என் கைபேசியில் போட்டு வைத்தேன்; அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு அதிலும் அடிக்கும். லீவு எடுத்துக்கொண்டு சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குக் கைபேசி புதுச் சத்தத்தில் அடித்தது. அக்காவின் எண்ணுக்கு வந்த அழைப்பு. நான் ஹலோ சொல்வதற்குள் அப்பா தொடங்கிவிட்டார்.

"பெரியவளே, சின்னவள் இண்டைக்காவது நிக்கிறாளோ?"

உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"எப்ப எடுத்தாலும் வேலைக்குப் போயிட்டாள் எண்டுறாய். வீட்டுக்கு எடுக்கிறன் எண்டு அவளுக்குச் சொன்னனான். காத்துக்கொண்டிருப்பாள், பாவம்."

அவருக்கு வீடு என்றால் அதுதான். இரண்டு மகள்களும் ஒன்றாக இருந்த வீடு. நான் கலியாணம் கட்டி வெளியேறியது எந்த வருடத்திலோ அவர் நினைவிலிருந்து நழுவியிருக்கிறது. சொன்ன சொல் தவறாமல் ஒவ்வொரு முறையும் எடுத்திருக்கிறார். நான்தான் அங்கே இல்லை. ஒவ்வொரு முறையும் அக்கா அதைக் கேட்டுப் பதில் சொல்லியிருக்கிறாள், முழங்காலையும் மதிலையும் மட்டும் எனக்குச் சொல்லியிருக்கிறாள். தன் வீட்டுக்கு எடுத்து அப்பா என்னையே கேட்டதில் அவளுக்கும் பொறாமை இருந்திருக்கும், அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"நான்தான் அப்பா. சின்னவள்" என்றேன்.

"வந்திட்டியோ?" என்றார். குரல் அப்படியே இளகிவிட்டது. சாப்பிட்டேனா, குளிர் எப்படி, இன்னும் அந்த இருமல் இருக்கிறதா என்று கேட்டார். அந்த இருமல் எனக்கு இருபத்திரண்டு வயதில் இருந்தது. இப்போது இல்லை அப்பா என்றேன். அரை மணித்தியாலம் பேசினோம். வைக்கப்போகும் நேரத்தில், "அக்கா எங்கை?" என்றார்.

"வேலைக்குப் போயிட்டா, அப்பா."

பின்னேரம் அக்கா பெட்டியைச் செருகிவிட்டு எடுத்தாள். லைன் வேலை செய்கிறது என்றாள். அப்பா இன்றைக்கு எடுத்தாரா என்று, ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஓம். என்ர போனுக்கு வந்தது."

"என்ன கேட்டவர்?"

அவள் எதற்குப் பயந்து கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அக்கா எங்கை எண்டு கேட்டவர்."

 

"உண்மையாவோ?" என்றாள்.

"ஓம்" என்றேன். "எடுத்ததும் முதல் கேள்வி அதுதான்."