நோன்பு மாதிரி

முஸ்பிறாவை முதன்முதலில் கண்ட நாளில் அவளுக்கு நான் நன்றாக ஏசினேன். அதை மறைத்துவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாது.

என் பெயர் ஜெனூபா. இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் உள்ள ஓர் ஆசுபத்திரியின் பல் கிளினிக்கில் பதினாறு வருசமாக அட்டென்டன் வேலை. எந்த ஆசுபத்திரி என்பது இங்கே தேவையில்லை. நம்பர் துண்டு வாங்கிப் பெயர் கூப்பிடுவது, சாமான்களைக் கழுவி அவிப்பது, அழுகிற பிள்ளையின் தலையைப் பிடிப்பது எல்லாம் நான்தான். என் வாய் பொல்லாத வாய் என்று சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். எங்கள் டொக்டர் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். கெட்டிக்காரி, நல்ல மனசு. ஆனால் தமிழ் “வாய் திறங்க”, “நோவுதா” என்ற இரண்டுக்கு மேல் போகாது. அவர் சொல்வதைத் தாய்மாருக்கும், தாய்மார் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்கிற வேலை என் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்ன, யாரும் கேட்காமலே நான்தான் அதை எடுத்துக்கொண்டேன். நான் ஒரு நாள் லீவு போட்டால் கிளினிக் ஊமையாகிவிடும் என்று வீட்டில் பெருமை பேசியும் இருக்கிறேன்.

அவள் மருதமுனையிலிருந்து வந்தாள். வயசு முப்பதுக்குள்தான். இடுப்பில் மகள் நிஹ்லா. நாலு வயசுப் பிள்ளை, தூக்கினால் இரண்டு வயசுப் பிள்ளையின் பாரம். வாயைத் திறக்க வைக்கவே பத்து நிமிசம் போனது. மேல் முன்பற்கள் நாலும் கரைந்து பல்முரசோடு கறுப்பு முளைகளாக நின்றன. கடைவாயில் நாலு பற்களில் பெரிய குழி.

“பல்லு முளைச்ச புள்ளைக்குப் போத்தலக் குடுத்துப் படுக்க வெச்சா இப்பிடித்தான் ஆகும். இதுகூடத் தெரியாம என்னத்துக்குப் புள்ள பெத்த நீங்க?” என்று வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. “பால்மா இல்லாத நேரம் மிஸ்,” என்றாள். “கியூவில நிண்டும் கிடைக்கல்ல. பிளேன்டித் தேத்தண்ணியில சீனியப் போட்டு போத்தல்ல ஊத்திக் குடுத்த. அது வாயில இரிந்தாத்தான் அழமாட்டா. அழுதா நான் தறிய விட்டு எழும்பணும்.”

நாட்டில் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்த அந்த வருசம் நானும்தான் கியூவில் நின்றேன். என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தப்பிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவளைப் பற்றிய மற்ற விசயங்களைப் பிறகு துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். புருசன் பஸால் ஆழ்கடல் படகில் போகிறவன். ஏறினால் பதினைந்து இருபது நாளைக்குக் கரையில் இல்லை. அவள் வேறொருவருடைய தறியில் சாரன் நெய்கிறாள். தறிக்குப் பக்கத்தில் ஏணை கட்டி, அதில் பிள்ளையைப் போட்டு, வாயில் போத்தலைக் கொடுத்துவிட்டு அவள் நெய்த அந்த இரண்டு வருசத்தில்தான் நிஹ்லாவின் பற்கள் முளைத்தன. முளைக்க முளைக்கச் சீனி அரித்தது. “வேலைக்காக என்ட புள்ளட பல்லக் குடுத்திட்டன் ராத்தா,” என்று ஒருநாள் சொல்லி அழுதாள். அப்போது நான் மிஸ்ஸிலிருந்து அக்கா முறையில் ராத்தா ஆகியிருந்தேன்.

பிள்ளையால் சாப்பிட முடியவில்லை. பிளேன்டியில் நனைத்த ரஸ்க், குழையவிட்ட சோறு, அதையும் மெல்லாமல் அப்படியே விழுங்குவாள். நோவு வந்தால் சட்டை ஓரத்தைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரோடு போய் ஒட்டி நிற்பாளாம். கராம்பு எண்ணெய், பனடோல் பாணி, மறுபடியும் கராம்பு எண்ணெய். பஸால் கடலிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “விழுற பல்லுதானே, பிடுங்கி விடச் சொல்லு,” என்றானாம். எங்கள் ஊரில் பாதிப்பேர் சொல்வது அதுதான்.

டொக்டர் சம்மதிக்கவில்லை. முன்பல் போனது போகட்டும், கடைவாய்ப் பல் பத்துப் பதினொரு வயசு வரைக்கும் இருக்க வேண்டியது, இப்போது பிடுங்கினால் ஆறேழு வருசத்துக்குப் பிள்ளை எதை வைத்து மெல்லும், பின்னால் முளைக்கிற பல்லுக்கும் இடம் இருக்காது என்றார். உள்ளே துப்பரவு செய்து, மருந்து வைத்து, மேலே பல்லின் அளவான உருக்கு மூடி போட்டுவிடலாம். கிரவுண் என்பார்கள். பிள்ளைகளுக்கு நான் அதை வெள்ளித் தொப்பி என்று சொல்வேன். ஆனால் நிஹ்லா பல் கதிரையில் உட்கார்ந்து நாலு பல்லுக்கும் வேலை செய்ய விடுகிற பிள்ளை இல்லை. தியேட்டரில் மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். பல்லுக்குத் தியேட்டர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும். முன்னால் இருந்த பெயர்களைப் பார்த்தால் ஏழு மாசம். வெளியில் செய்வதென்றால் கொழும்புக்குப் போக வேண்டும், அது அவர்களுக்கு எட்டாத காரியம்.

அந்த ஏழு மாசமும் முஸ்பிறா பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிளினிக் நாளும் வந்து நிற்பாள். “ஆராவது வராம விட்டாங்களா ராத்தா?” என்று கேட்பாள். இல்லை என்றால் திரும்பிப் போவாள். இரண்டு தரம் முரசில் சீழ் கட்டி, காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தாள். சின்ன அளவு மூடிகள் தட்டுப்பாடாக இருந்தபடியால் டொக்டர் நாலை எடுத்துச் சின்னப் பையில் போட்டு நிஹ்லாவின் பெயரை எழுதி வைத்தார். அதை நான் ஒருநாள் பிள்ளைக்குக் காட்டினேன். “எனக்கா?” என்று கேட்டாள். நேர்சரியில் எல்லோரிடமும் வெள்ளித் தொப்பிக் கதையைச் சொல்லிவிட்டாளாம்.

திகதி வந்தது. அதற்கு முந்தின கிளினிக்கில் தாய்க்கு விளக்கம் சொல்ல வேண்டும். வழக்கமாக நான் சொல்வது, “ராவு பன்னிரண்டுக்குப் பிறகு வாயில ஒண்டும் வைக்கப்படா,” என்றுதான். அன்றைக்கு வாசலில் நாற்பது பேர். ஒருத்தி துண்டைக் காணவில்லை என்று என்னோடு சண்டைக்கு நிற்கிறாள். டொக்டர் உள்ளே கூப்பிடுகிறார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு முஸ்பிறாவிடம் சொன்னேன்: “செவ்வாய்க்கிழம காலத்தால ஏழு மணிக்கு வந்திரணும். புள்ள நோன்பு மாதிரி இரிக்கணும். தண்ணியும் குடுக்கப்படா. விளங்கிட்டா?”

“ஓம் ராத்தா, விளங்கிட்டு.”

செவ்வாய்க்கிழமை அவள் ஆறரைக்கே வந்துவிட்டாள். பிள்ளைக்குப் பெருநாளுக்குத் தைத்த சட்டை. தியேட்டர் வாசலில் வைத்து நான் கேட்டேன், “ஒண்டும் குடுக்கல்லதானே?”

“இல்ல ராத்தா. ஸஹருக்கு எழுப்பி, தயிரும் வாழப்பழமும் போட்டுப் பிசைஞ்சி சோறு தீத்தின. நாலரைக்கு முடிச்சிட்டு நோன்பு நிய்யத்தும் வெச்சிக் குடுத்த. அதுக்குப் பிறகு துளித் தண்ணியும் இல்ல. வழியெல்லாம் கேட்டு அழுதா, குடுக்கல்ல.”

நோன்பு மாதிரி என்று நான்தான் சொன்னேன். நோன்பு என்றால் எங்கள் வீடுகளில் முதலில் ஸஹர், விடியுமுன் சாப்பிடுகிற சாப்பாடு. ஸஹர் இல்லாமல் யார் சின்னப்பிள்ளையை நோன்பு வைக்க விடுவார்? அவள் சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறாள். பட்டினி கிடக்கப்போகிற பிள்ளை என்று நித்திரையால் எழுப்பி, பல் நோவோடு அழ அழ, ஒரு கோப்பைச் சோற்றை வாயில் தள்ளியிருக்கிறாள்.

அதற்குள் டொக்டர் வெளியே வந்துவிட்டார். பக்கத்தில் மயக்க மருந்து டொக்டர், கையில் பேருள்ள தாளோடு. பிள்ளை சாப்பிட்டதா என்று எங்கள் டொக்டர் சிங்களத்தில் என்னிடம் கேட்டார்.

“சாப்பிட்டிருக்கு,” என்றேன்.

“எப்போது?”

முஸ்பிறா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸஹர் என்று நான் வாய் திறந்தால், அது என்ன என்று கேட்பார், ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்பார், நீ என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்பார். பதினாறு வருசத்துப் பெயர். நான் “உதே,” என்றேன். சிங்களத்தில் காலையில் என்று அர்த்தம். பொய் இல்லைதான். நாலரையும் காலைதான்.

டொக்டருடைய முகம் கறுத்தது. காலையில் சாப்பாடு கொடுத்த பிள்ளைக்கு மயக்கம் கொடுத்தால் சாப்பாட்டைச் சத்தி எடுத்து அது நெஞ்சுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து, எத்தனை தரம் சொல்லியும் இந்தத் தாய்மார் கேட்பதில்லை என்றார். மயக்க மருந்து டொக்டர் தாளில் பெயரை வெட்டினார். பைலில், தாய் அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை என்று எழுதினார்கள். “புள்ளைக்குச் சாப்பாடு குடுத்திருக்கீங்க, இண்டைக்குச் செய்ய ஏலாதாம்,” என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. பிள்ளைதான், “தொப்பி எங்க?” என்று கேட்டுக்கொண்டே போனது.

பத்து நிமிசம் கழித்துத்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. சோறு, பால் என்றால் ஆறு மணித்தியாலம் கழிய வேண்டும், அதுதான் கணக்கு. நாலரைக்கு முடித்த பிள்ளையைப் பத்தரைக்குச் செய்யலாம். தியேட்டர் பன்னிரண்டு வரைக்கும் ஓடும். அவளை ஆகக் கடைசியாகப் போட்டால் போதும். தியேட்டர் முப்பது அடி தூரத்தில்தான். நான் போகவில்லை. வெட்கம், பயம், வேறொன்றும் இல்லை. பல்லுச் சாமான் தட்டைக் கழுவினேன், அவித்தேன், மறுபடியும் கழுவினேன்.

மூன்று மாசம் கழித்து ஒரு திகதி எடுத்துக் கொடுத்தேன். அதற்காக எழுதுவினைஞரிடம் நான் கெஞ்சிய கெஞ்சல் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அந்தத் திகதிக்கு இரண்டு கிழமைக்கு முன் மயக்க மருந்து டொக்டர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். அந்த நேரத்தில் நாட்டை விட்டுப் போகாத டொக்டர் யார்? பதிலுக்கு ஒருவர் வரவில்லை. பல்லுக்கான செவ்வாய்க்கிழமை நின்றுபோனது. கொழும்புக்கு எழுதிப் போட்டோம். ஒரு வருசத்துக்கு மேல் ஆகும் என்று பதில் வந்தது.

நிஹ்லாவின் பல் அத்தனை நாள் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வலப்பக்கக் கன்னம் வீங்கிக் கண் மூடிப்போய்க் கொண்டு வந்தார்கள். வாட்டில் ஐந்து நாள், கையில் சேலைன் ஊசி. இனி வைத்திருக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கதிரையில் வைத்து, முரசில் ஊசி போட்டு, ஒரு நாள் இரண்டு, அடுத்த கிழமை இரண்டு என்று நாலையும் பிடுங்கினோம். முஸ்பிறா காலைப் பிடித்தாள், நான் தலையைப் பிடித்தேன். அந்தப் பிள்ளை கத்திய கத்தலில் வாசலில் இருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடிவிட்டார்கள். பெயர் எழுதிய பையில் இருந்த மூடிகள் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போயின.

கடைசி நாள், வாயில் பஞ்சோடு பிள்ளை தாயின் மடியில் தூங்கிவிட்டது. வாங்கில் அவர்கள் மட்டும்தான். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

“என்ட பிழைதான் ராத்தா,” என்றாள் அவள். “அண்டைக்குச் சோத்தத் தீத்தாம விட்டிருந்தா இந்தப் புள்ளைக்கு இது வந்திருக்குமா?”

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. “முஸ்பிறா, நோன்பு மாதிரி எண்டு சொன்னது நான்தானே. அண்டைக்கு டொக்டருக்கிட்ட நான் ஸஹர் எண்டு சொல்லவும் இல்ல,” என்றேன்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உதே எண்டு சொன்ன நீங்க. வாப்பாக்கு உகணையில கட இரிந்த. பத்து வயசு மட்டும் நான் அங்கதான். சிங்களம் எனக்கு நல்லா விளங்கும்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “அப்ப ஏன்கா வாயத் திறக்கல்ல?”

“திறந்து என்ன? புள்ள சாப்பிட்டது சாப்பிட்டதுதானே. டேட் போயிட்டு எண்டு நினைச்சன். அடுத்த டேட் உங்கட கையிலதான் இரிக்கி. உங்களோட கோவிச்சா ஆரு ராத்தா எனக்கு எடுத்துத் தாற?”

அதோடு நான் எழுந்து போயிருக்கலாம். அவள் என்னை மன்னித்துத்தான் இருந்தாள். ஆனால் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் தட்டுக் கழுவுவது? “டேட் போகல்ல முஸ்பிறா,” என்றேன். “ஆறு மணித்தியாலம் போனாப் போதும். நாலரைக்கு எண்டு நான் சொல்லியிருந்தா பத்தரைக்குச் செஞ்சிருப்பாங்க.”

அவள் விரலை மடக்கி எண்ணினாள். நாலரை, ஐந்தரை, ஆறரை. மெதுவாக, ஒவ்வொன்றாக எண்ணிப் பத்தரைக்கு வந்து நிறுத்தினாள். பிள்ளையின் வாயில் இருந்த பஞ்சைச் சரிசெய்தாள்.

“பத்தரைக்கு நாங்க இஞ்சதான் நிண்ட ராத்தா,” என்றாள். “பஸ் வரல்ல. பதினொண்டு மட்டும் உங்கட கேட்டடியிலதான் நிண்ட.”