ஃபீபியும் இருபது நிமிடமும்

ஃபீபியிடம் லேப்டாப்பைக் கொடுத்தது எங்கள் ஆபீசில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன், ஒளிப்பானேன்? ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்பிங் சீட்டைப் பத்து வருஷம் தேய்த்த மூர்த்தி நான் இருக்கும்போது, சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற, சேர்ந்து நாலே வருஷமான பெண்ணுக்கு அது எதற்கு என்று வயிறெரிந்தேன். அது 2002. கம்பெனியில் இருந்ததே ஒரு லேப்டாப்.

ஃபீபியின் அம்மா நர்ஸ். எதைச் செய்தாலும் மணியோடு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அந்த வீட்டிலிருந்து வந்தது. "தண்ணி குடிச்சாக்கூட எழுதுவா" என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் சென்னைக்கு ரயிலேறி, எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஏஜென்ட்டைப் பார்ப்பாள். நூல் கலர், சோல், சைஸ் என்று அவர்கள் சொல்லும் மாற்றங்களை அங்கேயே லேப்டாப்பில் உள்ள ஆர்டர் ஷீட்டில் போடுவாள். சனிக்கிழமை காலை ஆபீஸ் சர்வரோடு இணைத்து அப்டேட் கொடுப்பாள். இரண்டு பிரதிகளில் எது கடைசியாக மாற்றப்பட்டதோ, அது மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும். சர்வரில் இருக்கும் ஷீட்டைப் பார்த்துத்தான் தையல் செக்‌ஷன் வேலை செய்யும்.

மூன்று மாதத்தில் மூன்று முறை அவள் போட்ட மாற்றம் காணாமல் போனது. மூன்றாவது முறை அறுநூறு ஜோடி தவறான நூலில் தைக்கப்பட்டுவிட்டது. பிரித்துத் தைக்கவும் முடியாது. தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது.

"மாத்தினேன் சார். மாத்தினது அழிஞ்சி போவுது" என்றாள்.

முதலாளி முக்தார் அகமது நம்பவில்லை. "தானா எப்படிமா அழியும்? சனிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லன்னா லேப்டாப்ப மூர்த்தி கைல குடுத்துட்டு பழைய சீட்டுக்குப் போ."

எனக்கு உள்ளுக்குள் குஷி. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவள் அழவில்லை. தன் நோட்டையும் சர்வரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்று முறையும் வெள்ளிக்கிழமை. மூன்று முறையும் அவள் நோட்டில் 12.35, சர்வரில், தையல் சூப்பர்வைசர் ரஃபி பாயின் கம்ப்யூட்டரிலிருந்து சேவ் ஆன நேரம் 12.45. மற்ற வெள்ளிகளில் அவள் ஒரு மணிக்கு மேல்தான் மாற்றியிருந்தாள். நேரே அவரிடம் போனாள்.

"ரஃபி பாய், பன்னெண்டே முக்காலுக்கு இந்த ஷீட்ல இன்னா மாத்துனீங்க?"

"முக்காலா? பாங்கு சொல்றப்ப நான் மசூதி வாசல்ல நிப்பேன் மேடம். கிளம்பறப்ப சும்மா சேவ் பண்ணிட்டு மூடுவேன், அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கான பாங்கு பன்னிரண்டரைக்கு. ஃபீபி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு முதலாளி நாற்காலிக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்தக் கடிகாரம் இருபது நிமிடம் வேகம். ஆட்கள் லேட்டாக வரக்கூடாது என்று முதலாளியின் அப்பா வைத்தது. மணி பார்க்கும்போதெல்லாம் நாங்கள் இருபதைக் கழித்துக்கொள்வோம். சர்வர் வந்த அன்று, அதைப் பொருத்தியவர் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே நேரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரையிலும் நாங்கள் பழக்கத்தில் கழித்தே படித்தோம், மடையர்கள். ஃபீபி மட்டும் லேப்டாப்புக்குக் காட்பாடி ஸ்டேஷன் கடிகாரத்து நேரத்தை வைத்திருந்தாள், ரயிலை விடக்கூடாதென்று.

சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் செய்து காட்டினாள். ரஃபி பாய் ஷீட்டைச் சேவ் செய்தார். ஐந்து நிமிடம் கழித்து அவள் லேப்டாப்பில் நூலை வெள்ளையிலிருந்து கறுப்பாக்கி, அப்டேட் கொடுத்தாள். திரையில் மறுபடி வெள்ளை.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு வாட்டி பண்ணு."

மறுபடியும் வெள்ளை.

"பின்னாடி எழுதினது நான் சார். சர்வர் இருபது நிமிஷம் முன்னாடி ஓடுது. பன்னெண்டு இருபத்தஞ்சுக்கு சேவ் பண்ணா, பன்னெண்டே முக்கால்னு பதியுது. அதனால ரஃபி பாயோடதுதான் புதுசுன்னு என்னோடத அழிச்சிடுது."

"அது எங்க அப்பா வச்ச டைம்மா."

"அந்தக் கடிகாரத்த யாரும் தொட வேணாம் சார். சர்வர மட்டும் சரி பண்ணலாம்." லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னாள்: "மூணு மாசமா நான் பொய் சொல்றேன்னு நெனச்சீங்க."

முதலாளி எழுந்து நின்றார். "தப்புதாமா. என் தப்புதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மூர்த்தி, லேப்டாப் அவகிட்டயே இருக்கட்டும்."

எனக்கு ஏமாற்றமே வரவில்லை. எழுந்து கைதட்டலாம் போலிருந்தது, தைரியம் வரவில்லை.

அன்றே ஃபீபியின் கைக்கடிகாரத்தைப் பார்த்து சர்வரைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு மாற்றம்கூடத் தொலையவில்லை. 2006-இல் அவள் அந்தப் பிரிவுக்கே மேனேஜர். ஐந்து லேப்டாப்புகள் அவள் பொறுப்பில். அதில் ஒன்று என்னுடையது.

சுவர்க் கடிகாரம் இன்னும் இருபது நிமிடம் வேகமாகத்தான் ஓடுகிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு முதலாளி தினமும் ஒரு தடவையாவது கேட்கிறார்:

"ஃபீபிமா, மணி இன்னா?"