தன்னாமுனையில் நான்கு நாள்: கொழும்புக்கு ஒரு சம்பளம், வாவிக்கரைக்கு வேறொன்றா?

பெப்ரவரிக் கடைசியில்தான் எனக்கு லீவு கிடைக்கும். கண்டியில் ஓர் அச்சகத்தின் சம்பளப் பகுதியில் வேலை. மார்ச் பிறந்துவிட்டால் கணக்கு முடிக்கிற அவசரத்தில் யாரும் மேசையை விட்டு எழ முடியாது. அதனால் வருடத்தில் ஒரு தடவை, மார்ச்சுக்கு முந்திய வெள்ளி முதல் திங்கள் வரை, தனியாக எங்காவது போய்விடுவேன். இந்த வருடம் மட்டக்களப்பு. வாவியைப் பார்ப்பது, நண்டுக்கறி சாப்பிடுவது, யாரிடமும் சம்பளம் பற்றிப் பேசாமலிருப்பது, இவ்வளவுதான் திட்டம். முதலிரண்டும் நடந்தன.

கண்டியிலிருந்து காலை 6.10க்கு மஹியங்கனை வழியாகப் போகிற தனியார் பஸ். கட்டணம் 860 ரூபா. மலைப்பாதையின் பதினெட்டு வளைவில் வயிறு கலங்குகிறவர்கள் காலைச் சாப்பாட்டை மஹியங்கனைக்குத் தள்ளிப்போடுங்கள்; அங்கே கால் மணி நேரம் நிறுத்துகிறார்கள். மகாஓயா தாண்டியதும் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியது. செங்கலடியில் பாதிப் பஸ் காலியானது. 12.15க்குத் தன்னாமுனையில் இறங்கினேன். மட்டக்களப்பு நகரத்துக்கு இன்னும் ஏழு கிலோமீற்றர் இருந்தது.

தங்கிய வீடு பிரதான வீதியிலிருந்து அறுநூறு மீற்றர், வாவிப் பக்கம். முன்னால் குடும்பம், பின்னால் நான்கு அறைகள். காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளுக்கு 4,500 ரூபா. வீட்டுக்காரி ராஜினி அக்காவின் கணவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். அவர் அனுப்பிய காசில் அறைகளைக் கட்டி, விடுதியாகப் பதிவும் எடுத்து, அக்காவே நடத்துகிறார். சமையல், அறை துப்புரவு, பெட்சீற் துவைப்பது எல்லாம் சுகந்தி. வயது நாற்பதுக்கு மேலிருக்கும். கிரானிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தோணிச் சவாரி, ஒரு மணி நேரத்துக்கு 2,000 ரூபா. வாவி அந்த நேரத்தில் அசையாமல் கிடந்தது. கண்டல் மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. தோணிக்காரர் அதிகம் பேசவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

திரும்பி வந்து பிட்டும் மீன் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுகந்தி பக்கத்தில் வந்து நின்றார்.

“மிஸ், நீங்க ஒபீஸில சம்பளம் போடுறவங்களாமே. அக்கா சொன்னவ.”

“ஓம்.”

“முப்பதாயிரம் எண்டு சொல்றாங்க. அது கொழும்பு ஆக்களுக்கு மட்டுமா? இஞ்ச வேற கணக்கா?”

அவருக்குக் கிடைப்பது இருபதாயிரமும் பகல் சாப்பாடும். கணவர் வட்டையில் கூலிக்கு அறுவடை செய்கிறவர். வயலில் வேலை முடிந்தால் கூலியும் முடிந்தது. மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். சுகந்தி முன்பு ஆறு வருடம் குவைத்தில் இருந்தவர். இப்போது ஒரு முகவர் மறுபடியும் கூப்பிடுகிறார், வியாழக்கிழமைக்குள் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டும்.

“போனா மகள் தனிச்சுப் போவாள். ஆறு வருசம் அவள் வளந்ததை நான் போனிலதான் பாத்தன். இருந்தா, இந்தக் காசு காணாது.”

“ராஜினி அக்காவிடம் கேட்கவில்லையா?”

“கேட்டு அவவுக்கு மனம் நொந்தா, மறுகா எந்த முகத்தோட குசினிக்குள்ள போறது? அவ கெட்டவ இல்ல மிஸ். பிள்ளை காய்ச்சலாக் கிடந்தப்ப அவதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவ. நீங்களாக் கேக்கிற மாதிரிக் கேட்டுப் பாருங்களன். குவைத் கதை மட்டும் சொல்லிடாதிங்க.”

குறைந்தபட்ச சம்பளம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்து மாதம் 30,000, நாட்கூலியென்றால் 1,200. எங்கள் அச்சகத்திலும் அதற்கேற்ப மாற்றினோம். அதைச் சொன்னேன். சுகந்தி தலையாட்டிவிட்டுச் சட்டியைக் கழுவப் போனார். சட்டம் தெரிந்தவர்களுக்கும் அதைக் கேட்க வேண்டியவர்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கல்லடிப் பாலம் வரை பஸ், பிறகு இன்னொரு பஸ்ஸில் ஆரையம்பதி. போகவர 240 ரூபா. ஆரையம்பதியில் கரைக்குப் போகிற வழியில் வாங்கிய நண்டை ராஜினி அக்கா இரவுக்குச் சமைப்பித்தார். சமைத்து வைத்துவிட்டுச் சுகந்தி ஐந்து மணிப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். சாப்பாட்டு மேசையில் நான் முப்பதாயிரம் பற்றிப் பேச்சை எடுத்தேன். நன்றாக எடுக்கவில்லை.

“அது பெரிய ஹோட்டல்களுக்கு, தங்கச்சி,” என்றார் அக்கா. “இது என்ட வீடு. என்ட குசினி. வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் இல்லையெண்டு போனில ஒராள் சொன்னதைக் கேட்டனான்.”

வீட்டுப் பணியாளர்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். அச்சகத்தில் இந்தக் கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை. தடுமாற்றத்தில், “அவர் போய்விட்டால் உங்களுக்குத்தானே கஷ்டம்” என்று சொல்லிவிட்டேன்.

“எங்க போறாள்?”

மறைக்க முடியாமல் குவைத் கதையைச் சொல்லிவிட்டேன். அக்கா நண்டுக் காலைத் தட்டில் வைத்தார்.

“நாலு நாள் தங்க வந்த உங்களிட்டச் சொல்லியிருக்காள். மூண்டு வருசமா என்னோட இருக்கிறவள், என்னட்டச் சொல்லல்ல.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விருந்தாளியாக வந்த இடத்தில் இரண்டு பேரின் நடுவில் கல்லைப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

திங்கள் காலை 7.40க்குச் சுகந்தி கேற்றைத் திறந்தபோது அக்கா சேலை உடுத்தி நின்றார். வாசலில் ஓட்டோ.

“என்னகா, குவைத்துக்குப் போறயாம்?”

சுகந்தி என்னைப் பார்த்தார். நான் குரோட்டன் செடியைப் பார்த்தேன்.

“போகல்ல அக்கா. கூப்பிட்டிருக்காங்க.”

“ஏறு. டவுனுக்குப் போய்க் கேட்டுட்டு வருவம். பிழை என்ட பக்கமெண்டா அதை என்ட காதால கேக்கணும். தங்கச்சி, நீங்களும் ஏறுங்க.”

என் பையையும் எடுத்துக்கொண்டு ஏறினேன்; ஓட்டோவுக்கு 900 ரூபா. வழியெல்லாம் மூவரும் வாய் திறக்கவில்லை. ஓட்டோக்காரர் மட்டும் கண்ணாடியில் பார்த்து, “ஆருக்கும் சுகமில்லையா?” என்று கேட்டார்.

தொழில் அலுவலகத்தில் எங்களுக்கு முன் நான்கு பேர். உத்தியோகத்தர் ஒரு பெண். யாரையும் குற்றம் சாட்டுகிற குரலில்லை. சுகந்தியிடம் அவருடைய நாளை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

“காலையில தங்கிற ஆக்களுக்குச் சாப்பாடு. மறுகா அறை, பெட்சீற். பகலுக்கு அக்காட வீட்டுக்கும் எல்லாருக்குமா ஒரே சட்டி.”

உத்தியோகத்தர் ராஜினி அக்காவிடம் திரும்பினார். “உங்கட குடும்பத்துக்கு மட்டும் சமைச்சா வீட்டு வேலை. தங்கிறவங்க காசு தாறாங்க, நீங்க பதிவும் எடுத்திருக்கிறீங்க. அப்ப இது தொழில். இவ தொழிலாளி.”

“மட்டக்களப்புக்கும் அதே தொகையா?” என்று அக்கா கேட்டார்.

“இலங்கை முழுக்க ஒண்டுதான். சில தொழில்களுக்குச் சம்பள நிர்ணய சபை வேற தொகை சொல்லும். அது கூடவா இருந்தா அதைக் குடுக்கணும். இதுக்குக் கீழ போக ஏலாது. பகல் சாப்பாடு குடுக்கிறது நல்லம்தான், ஆனா அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க ஏலாது.”

ஓய்வுக்காகச் சேரும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். எனக்கு மனப்பாடமான எண்கள்தான். ஆனால் அக்கா, மாதம் தனக்கு ஆகப்போகிற மொத்தத்தை, தன் உள்ளங்கையில் பேனாவால் 34,500 என்று எழுதி அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது அவை வேறு எண்களாகத் தெரிந்தன. சுகந்தியின் கைக்கு வருவது 27,600. ஜனவரி, பெப்ரவரிக்கும் அதற்கு முந்திய மாதங்களுக்கும் விட்டுப்போனதையும் கொடுக்க வேண்டும்.

வெளியே மர நிழலில் நின்றோம். “மாரி மழைக்கு மூண்டு மாசம் அறை பூட்டித்தான் கிடக்கும்,” என்றார் அக்கா. “ஆக்கள் வாற நாளைக்கு மட்டும் நாட்கூலி தாறன், வாறயா?”

சுகந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “இல்ல அக்கா. வருமா வராதா எண்டு தெரியாத காசுக்கு நான் குவைத்தை விட ஏலாது. மாசச் சம்பளம் தாங்க. மாரியில சோத்துப் பார்சல் போடுவம், பள்ளிக்கூட ரீச்சர்மார் எடுப்பாங்க. நான் பாத்துக்கிறன்.”

அக்கா கையில் எழுதிய எண்ணை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எனக்குத் தெரியாமத்தான் நடந்தது. தெரிஞ்சிடும் எண்டுதான் கேக்காம இருந்தனோ, அதுவும் தெரியாது.”

மாதச் சம்பளம் என்று முடிவானது. விட்டுப்போனதை மூன்று தவணையில் கொடுப்பதாகச் சொன்னார். அறை வாடகை மார்ச்சிலிருந்து ஐயாயிரம். படிவங்களை வாங்க இருவரும் மறுபடி உள்ளே போனார்கள். எனக்கு 1.30க்குக் கண்டி பஸ் இருந்தது; மட்டக்களப்புக் கோட்டையைப் பார்க்க நாற்பது நிமிடம்தான் மிஞ்சியது.

போக விரும்புகிறவர்களுக்கு: பெப்ரவரிக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை நல்ல காலம். தோணிக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். பஸ், சாப்பாடு, தோணி, ஓட்டோ, மூன்று இரவு வாடகை எல்லாமாக எனக்கு இருபத்தையாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்னொன்று. சின்ன விடுதிகளில் வாடகையை ஐந்நூறு குறைக்கச் சொல்வது எனக்கும் பழக்கமாக இருந்தது. அந்த ஐந்நூறு முதலாளியின் பையிலிருந்து மட்டும் போவதில்லை என்பதை இப்போது அறிவேன். நீங்கள் நான்கு அறை வைத்து ஓராளை வேலைக்கு வைத்திருப்பவரென்றால், தொழில் அலுவலகத்துக்கு ஒரு தடவை நீங்களாகவே போய் வாருங்கள். யாரும் கடித்துவிட மாட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு சிநேகிதிக்கு அறை கேட்டு அழைத்தேன். சுகந்திதான் போனை எடுத்தார். முகவரிடம் இல்லையென்று சொல்லிவிட்டாராம். வாடகை கூடியதால் இரண்டு பேர் அறையை ரத்துச் செய்தார்களாம், அக்காவுக்கு அது கவலைதானாம்.

“மாசக் கடைசியில சம்பளச் சிலிப் தந்தவ, மிஸ். இருந்து வாசிச்சன். நான் வராத நாளெண்டு ஒண்டு கூடுதலாப் போட்டிருந்தவ.”

“பிறகு?”

“போய்ச் சொன்னன். திருத்தித் தந்தவ.”