கைமாறிய நேர்த்தி

நெடுந்தீவில் தொண்டர் ஆசிரியையாக இருந்தபோது நான் தங்கியிருந்த வீட்டு அக்காவின் கணவர் இறந்தார். படகு ஓடுவது கடற்படையின் அனுமதியைப் பொறுத்திருந்த காலம் அது. சாகுமுன் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசப் பாதிரியார் வந்துசேரவில்லை.

அக்காவின் கணவர் நெடுங்காலமாகக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகாதவர். ஒருமுறை அவருடைய மாடுகள் கோயில் வளவுப் பூக்கன்றுகளை மேய்ந்துவிட்டன. பூசை முடிந்த கையோடு, எல்லோர் முன்னிலையிலும் கோயிற்சபையார் அவரை ஏசினார்கள். அதன்பின் அந்தக் கோயில் வாசற்படலையை அவர் தாண்டவே இல்லை. பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமலே போன அந்த ஆன்மாவுக்காக அக்கா ஒருசந்தி நேர்ந்தார். நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு. அதுவும் போகப் போகக் கஞ்சித்தண்ணீராகக் குறைந்தது.

கடும் வறட்சி வேறு. நல்ல தண்ணீர்க் கிணறு தொலைவில் இருந்தது. மாடுகளுக்கு அள்ளி ஊற்றப் போன அக்கா ஒருநாள் கிணற்றடியிலேயே மயங்கி விழுந்தார். தண்ணீர் காணாத மாடுகள் தொட்டியை நக்கிக்கொண்டு நின்றன. இப்படியே போனால் மாடுகளும் போகும், அவரும் போவார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அன்று மாலை குசினி அடுப்படியில் அவரருகே உட்கார்ந்து, நான் வளர்ந்த புரட்டஸ்தாந்து சபையின் போதனையை விளக்கினேன். இரட்சிப்பு கிருபையினால் மட்டுமே வருவது. நாம் பிறக்கும் முன்பே தேவன் தம்மவர்களைத் தெரிந்தெடுத்துவிட்டார். நம்முடைய பட்டினி அதில் எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆறுதலாக இருக்கும் என்றுதான் நம்பினேன்.

"அப்ப அவரைத் தெரிஞ்செடுத்ததோ இல்லையோ எண்டு உங்களுக்குத் தெரியுமோ, ரீச்சர்?"

"தெரியாது, அக்கா."

"பிறகென்னத்துக்கு வந்து சொல்லுறியள்? எனக்குச் செய்ய இருந்த ஒரு வேலையையும் பறிச்சுப்போட்டியள்."

 கோப்பையில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவரே ஒரு வழி சொன்னார். நேர்ந்தவருக்கு ஏலாமற்போனால் நேர்த்தியை இன்னொருவர் ஏற்கலாம். அது அங்குள்ள வழக்கம். அவருடைய பிள்ளைகளோ கடலுக்கு அப்பால். அயலாரிடம் கேட்டால் அந்தப் பூக்கன்றுக் கதையைத்தான் மறுபடி எடுப்பார்கள்.

"நான் சாப்பிடுறன். என்ர நேர்த்திக்குப் பதிலா நீங்கள் அவருக்காக மன்றாடுவியளோ?"

எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக மன்றாடுவதில்லை. முடிந்துபோன ஒன்றை மாற்றும்படி கேட்பது கிருபையை நம்பாத செயல் என்றே எனக்குக் கற்பித்திருந்தார்கள். அந்தப் போதனையை நான் கைவிடவில்லை, இன்றும் கைவிடவில்லை. ஆனால் மறுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கிணற்றடியில் கண்டிருந்தேன்.

"ஓம், அக்கா," என்றேன்.

அவர் கோப்பையை எடுத்து முழுவதும் குடித்தார். பிறகு, கணவருடைய ஞானஸ்நானப் பெயரைச் சொல்லித்தான் மன்றாட வேண்டும், ஊரில் கூப்பிடும் பெயர் ஆண்டவரிடம் செல்லாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

விடிந்ததும் இருவருமாகத் தண்ணீர் அள்ளப் போனோம். கயிற்றை இழுக்க இழுக்கத் தோள் கடுத்தது. எல்லாவற்றையும் முன்னமே தீர்மானித்துவிட்ட ஒருவரிடம், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே அள்ளினேன்.