கூனி இறால் இல்லையாம்

கல்யாணமாகிப் பெண் வீட்டில் குடியேறிய புதிதில், இறால் கறியில் இரண்டு வாய் உண்டதும் என் உதடு தடித்தது. பிறகு காது, கண்ணிமை. கரடியனாறு என்ற ஊரில் வயலும் குளத்து மீனுமாக வளர்ந்தவன் நான். மனைவியின் ஊரான குருக்கள்மடத்தில், வாவியை நம்பி வாழும் அந்த வீட்டில், புது மாப்பிள்ளைக்கு இறால் வைப்பது மரியாதை. வேண்டாம் என்றால் வீட்டையே அவமதித்ததாகக் கொள்வார்கள்.

ஊர் வைத்தியர் என் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே ‘கிரந்தி’ (அரிப்பு, தடிப்பு எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் வைக்கும் பெயர்) என்றார். அவர் தந்த எண்ணெயைப் பூசி, பொரித்த கத்தரிக்காய் போல மினுங்கியதுதான் நான் கண்ட பலன். மச்சான்மாருக்கு அது நல்ல பகிடி. வயல்காரனின் வயிற்றுக்கு இறாலின் அருமை தெரியாதாம்.

மாமி ஒரு வழி கண்டுபிடித்தார். இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஆணத்தை மட்டும் சோற்றில் ஊற்றினார்.

“ஆணத்தில என்ன கிடக்கு மருமகன்? இறாலத்தான் எடுத்துப் போட்டுட்டனே.”

அன்றைக்குத் தொண்டையும் இறுகியது. நல்லவேளை, பகல். நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஓர் இளம் டாக்டர், இது ஒவ்வாமை (உணவை எதிரியென்று நினைத்து உடல் சண்டைக்குப் போவது) என்றார். யுத்தம் நடக்கும் நாட்டுக்கு ஏற்ற உடம்புதான் என்று நினைத்துக்கொண்டேன். எந்த உணவு என்று அறிய இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும்.

“அடுத்த முறை பொழுதுபட்டு, ஊரடங்குக்கு ரோட்டு பூட்டின பிறகு வந்தா நீங்க தப்பமாட்டீங்க” என்றார்.

முதலில் எடுத்த இரத்தம் கொழும்பைக் காணவில்லை. சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் ஐஸ் பெட்டியைத் திறந்து, வெயிலில் வைத்து, ஆளாளுக்கு எட்டிப் பார்த்திருக்கிறார்கள். தெருவில் சிந்திய இரத்தம் யாருடையது என்று ஒருநாளும் கேட்காதவர்களுக்கு, குழாய்க்குள் இருந்த என் இரத்தத்தின்மேல் அத்தனை சந்தேகம். ஆஸ்பத்திரியில் மறுபடியும் குத்தி எடுத்தார்கள்.

முடிவு வந்தது. இறாலுக்கும் நண்டுக்கும் கடுமையான ஒவ்வாமை, மீனுக்கு இல்லை. வீங்கிய என் முகத்தை நம்பாத வீட்டார், கொழும்பிலிருந்து வந்த தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இறால் சட்டியே வேறாகிவிட்டது. நானும் முட்டாள்தனமாக நிம்மதியடைந்தேன்.

மாதங்கள் கழித்து, பொழுதுபடும் நேரம். முருங்கையிலையை வதக்கிய சுண்டலோடு சோறு உண்டுகொண்டிருந்தேன். நாக்கு தடித்தது. மூச்சு விசில்போல வந்தது. ஊரடங்கு தொடங்கியிருந்தது. மச்சான் என்னைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளினான். என் மனைவி அரிக்கன் லாம்பைத் தன் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சாவடியில் துவக்கை நீட்டினார்கள். அவள் நிற்கவில்லை. கடைசியில் அவர்களே ட்ரக்கில் ஏற்றினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டியிருப்பது இன்றும் எனக்குக் கசக்கிறது.

ஊசி போட்டு மூச்சு திரும்பியது. காலையில் டாக்டர் மாமியிடம், சுண்டலில் என்ன போட்டீர்கள் என்று விசாரித்தார்.

“கூனி கொஞ்சம் இடிச்சுப் போட்டன். கூனிய ஆரும் இறால் எண்டு சொல்லுவாங்களா தம்பி?”

வாவியில் பிறந்து வளர்ந்த மனுசி. அந்தப் பொடி இறாலுக்கு வேறு பெயர் இருப்பதால் அது வேறு பிராணியாம். அருவருப்பில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

இதே நோயுள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: சோதனை முடிவை நம்புங்கள், அன்பானவர்களின் கைப்பக்குவத்தை நம்பாதீர்கள்.

எனக்கு இப்போது நேரம் என்பது முதல் வாய்ச் சோற்றுக்கும் இரண்டாம் வாய்க்கும் இடையில் கிடப்பது. விழுங்கிவிட்டு, என் தொண்டையை ஓர் அந்நியனுடையதைப்போலக் கவனித்தபடி இருப்பேன். எதிரே மாமி தன் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“சாப்பிடுங்க மாமி, நான் இன்னும் சாகல்ல” என்பேன்.

அதன் பிறகுதான் அவர் கை சோற்றில் படும்.