நான் ‘கண்ணாடிக்காரர்’ என்று சொன்ன மாப்பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நெல்லியடியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கண் டொக்டர் என்று தரகர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் ‘டொக்டர்’ என்ற சொல்லுக்கு உள்ள மவுசைச் சொல்லத் தேவையில்லை. முதல் நாளே பலகாரம் சுட்டு, பக்கத்து வீட்டுக்காரிக்கும் இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை தாய் தகப்பனுடன் வந்தார். அமைதியான பிள்ளை. கதையோடு கதையாக, “தம்பி, கண் ஒப்பரேசனும் செய்வியளோ?” என்று கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. “இல்லை அம்மா, நான் டொக்டர் இல்லை. ஒப்டோமெட்ரிஸ்ட். அதுக்கெண்டு படிச்சனான். பார்வையை அளந்து, கண்ணைச் சோதிச்சுப் பாப்பன். நோய் வருத்தம் ஏதும் இருந்தால் கண் டொக்டரிட்டை அனுப்புவன். மருந்தும் ஒப்பரேசனும் அவையின்ரை வேலை. தரகர் பிழையாச் சொல்லிப்போட்டார் போல.”

“அப்ப கண்ணாடிக்காரர்” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அது என்ன சிரிப்பு என்று அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது. அவருடைய தாய் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்த வாய் இது.

அந்த எரிச்சலோடுதான் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். இடப்பக்கம் இருந்த தகப்பன் கை நீட்டியதை நான் காணவில்லை. தட்டு இடிபட்டு, தேநீர் அவருடைய வேட்டியில் கொட்டிவிட்டது. சற்று முன்னர்தான் கதவு நிலையிலும் இடது தோளை இடித்திருந்தேன். எல்லாம் பதற்றத்தில் வந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் வெளிக்கிட்டபோது, மாப்பிள்ளை மட்டும் வாசல் படலையடியில் நின்று மெதுவாகச் சொன்னார். “குறை நினையாதேங்கோ அம்மா. உங்களுக்கு இடப்பக்கம் வாறது தெரியுதில்லைப் போல. ஒருக்கா கண் டொக்டரிட்டைக் காட்டுங்கோ. பிந்த வேண்டாம்.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “நான் டவுனிலை கண் டொக்டரிட்டைக் காட்டித்தான் மூண்டு தரமும் கண்ணாடி மாத்தினனான். பெண் பாக்க வந்த இடத்திலை யாவாரம் பாக்கிறியளோ?” என்று கேட்டேன். அவர் படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். “ஒருக்காக் காட்டினால் என்னம்மா?” என்று கேட்ட மகளுக்கும் ஏச்சு விழுந்தது.

மகளுக்கு அந்த வருடமே கனடாவில் வேறு இடம் பொருந்தியது. நான் டவுனுக்குப் போய் நான்காம் முறையும் கண்ணாடி மாற்றினேன். சந்நிதி முருகனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து வைத்தேன். அந்தப் பிள்ளை சொன்னதை மட்டும் செய்யவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள், சந்தைக்குப் போகத் தெருவில் இறங்கியவளுக்கு இடப்பக்கமாக வந்த ஓட்டோ தெரியவே இல்லை. பக்கத்தில் நின்ற மீன்காரி சேலையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“இவ்வளவு நாளும் ஆரிட்டைக் காட்டினனீங்கள்?” என்று கண் டொக்டர் கேட்டார். நான் கண்ணாடி மாற்றும் டவுன் கடையைச் சொன்னேன்.

“அவர் டொக்டர் இல்லையே அம்மா. கண்ணாடி விக்கிறவர்.”

அந்தக் கடைக்காரர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். நான் டொக்டர் என்று கூப்பிட்டேன். அவர் மறுக்கவில்லை. மறுத்துச் சொன்ன ஒரே மனிதரை நான் அவமானப்படுத்தி அனுப்பியிருந்தேன்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிவிட்டதாம். குளுக்கோமா என்றார் டொக்டர். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்லி, பக்கப் பார்வையை அளக்க அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அங்கே மெஷினுக்குப் பக்கத்தில் அந்த மாப்பிள்ளைதான் நின்றார்.

“நாடியை இந்தத் தாங்கியிலை வையுங்கோ அம்மா. நேர பாருங்கோ. வெளிச்சம் தெரியிற நேரமெல்லாம் இந்தப் பொத்தானை அமத்துங்கோ.” எல்லா நோயாளிக்கும் சொல்கிற அதே குரல். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. மெஷினுக்குள் கனநேரம் வெளிச்சமே வரவில்லை. அது வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

“தம்பி, அண்டைக்கு நான்...” என்று தொடங்கினேன்.

“கதையாதேங்கோ அம்மா, தலை அசையும்” என்றார். குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போதும் சில மாதங்களுக்கு ஒருமுறை போய், அவர் முன்னால் நாடியை வைக்கிறேன். மிச்சப் பார்வை அப்படியே நிற்கிறது. தொடங்கிய அந்த வசனத்தை முடிக்கத்தான் இன்னும் துணிவு வரவில்லை. இருக்கிற பார்வையில் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிவது, எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டதுதான்.